பேச்சி மதினி கிள்ளிய துரும்பு

பர்மாவில் குண்டு விழுந்து, அங்கே பிழைக்கப் போன நம் ஜனங்கள் காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்தார்களே, மதுரை டேசன் வாசலில் கால் வீங்கிப்போய்ப் படுத்துக் கிடந்தார்களே, அந்த வருஷம். அவர்கள் வந்தது கோடையில். நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு வந்த ஆவணி மாசம். வருஷக் கணக்கு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய அண்டாக்கள் இருந்த இடத்தைக் கேட்டால் இன்றைக்கும் கையைக் காட்டுவேன். ஜட்கா ஓட்டுகிறவனுக்கு இடம் மறக்காது, தேதிதான் மறந்துபோகும்.

அந்த ஆவணியில் ஒரு பகல். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் என் அண்ணன் தவசியைப் பாடையில் கிடத்தியிருந்தது. குளிப்பாட்டியாகிவிட்டது. வாய்க்கரிசி போட்டாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தலையைச் சுற்றிக் கட்டிய கட்டை அவிழ்க்கவில்லை. எத்தனை மரிக்கொழுந்து போட்டும், அந்தக் கட்டிலிருந்து வந்த மருந்து வாடை போகவில்லை.

கொட்டுக்காரர்கள் மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கண்ணும் தெரு முனையிலேயே இருந்தது. பிறந்த வீட்டுக் கோடி இன்னும் வரவில்லை.

கோடி

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் புருசன் செத்தால், பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் புதுச்சேலை கொண்டுவந்து அவள் தலையில் போர்த்த வேண்டும். அதுதான் கோடி. அதைப் போர்த்தாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். ‘உனக்கு ஒருத்தன் போனாலும் பிறந்த வீடு இருக்கிறது’ என்று ஊர் பார்க்கச் சொல்லுகிற சடங்கு அது. கோடி விழாத பொம்பளையை ஊரில் நாதி அற்றவள் என்பார்கள்.

அண்ணன் பெண்டாட்டி பேச்சியம்மாள், என் மதினி, பேரையூர்க்காரி. அவளுக்கு இருந்தது ஒரே தம்பி, கருத்தப்பாண்டி. தாய் செத்த பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள்தான்.

அந்தக் கருத்தப்பாண்டியைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. செத்துக் கிடந்த என் அண்ணன் போலீஸ்காரர்.

அவர் மண்டை உடைந்தது கல் விழுந்து. அந்தக் கல் வந்த கூட்டத்தில் கருத்தப்பாண்டியும் இருந்தார்.

ஒரு வீட்டுக்குள் இரண்டு சர்க்கார்

அண்ணன் போலீஸில் சேர்ந்தது வெள்ளைக்காரன் மேல் பிரியம் வைத்து இல்லை. மழை இல்லாமல் போய், வீட்டில் கம்பங்கூழுக்கும் வழியில்லாத ஒரு வருஷம், உயரம் அளந்து ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். நல்ல உயரம். எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காக்கிதான் எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டது. எனக்கு முதல் குதிரை வாங்கிக் கொடுத்ததும் அந்தக் காக்கிதான். வெள்ளைக் குதிரை, இடது கண்ணில் பூ விழுந்தது. அதன் கதையை எடுத்தால் இந்த வாரம் முழுக்கப் போய்விடும்.

கருத்தப்பாண்டி மில்லில் வேலை பார்த்தவர். அங்கே நடந்த தகராறில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கதர் கட்ட ஆரம்பித்தார். கள்ளுக்கடை மறியலுக்குப் போனார். ஒரு நாள் மறியலை அடித்துக் கலைக்க அண்ணனை அனுப்பிவிட்டார்கள். மச்சினன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான், மாமன் லத்தியோடு நிற்கிறார், பின்னால் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்ன செய்வார்? அடித்தார்.

அன்றைக்கு மத்தியானம் நான் வீட்டுக்குப் போனால், மதினி தம்பியின் தோளில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எதிரே அண்ணன் சோறு தின்றுகொண்டிருக்கிறார்.

“மெதுவாத்தான் போட்டேன்” என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

“மெதுவாப் போட்டா இம்புட்டு வீங்குமா மாமா?”

“நீ ஏன்டா மொத வரிசையில வந்து நின்ன? பின்னாடி நிக்க வேண்டியதுதான?”

“நீங்க ஏன் மாமா மொத வரிசையில வந்தீக?”

மதினி அண்ணனைப் பார்த்து, “இன்னும் ரெண்டு கரண்டி சோறு போடவா? அடிச்ச கை அசந்திருக்கும்ல” என்றாள். அண்ணன் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசியோ என்னவோ.

சுட்ட வாரம்

ஆடிக் கடைசியில் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள் என்று சேதி வந்ததும் மதுரை கொதித்துவிட்டது. கடைகளை அடைத்தார்கள். தந்திக் கம்பியை அறுத்தார்கள். ஒரு இடத்தில் தண்டவாளத்தைக் கழற்றிப் போட்டார்கள். கழற்றியவர்களில் கருத்தப்பாண்டியும் ஒருவர் என்று வழக்கு. பிடித்தால் தூக்கு என்றுதான் ஊரில் பேச்சு. பிடிபட்டவர்களை ஸ்டேசனில் என்ன பாடு படுத்தினார்கள் என்பதை நான் சொல்ல மாட்டேன். இரண்டு பேரை என் ஜட்காவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அவர்களால் உட்கார முடியவில்லை, குப்புறப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோனேன்.

பிறகு ஒரு நாள் கோயிலுக்கு மேற்கே ஒரு தெருவில் கூட்டம் கூடியது. போலீஸ் சுட்டது. சுட்டவர்களில் என் அண்ணனும் இருந்தார். எங்கள் பக்கத்துத் தெரு வளையல் வியாபாரி ஒருவர் செத்தார். கூட்டம் கல் எறிந்தது. அண்ணன் விழுந்தார். யார் குண்டில் வளையல்காரர் செத்தார், யார் கல்லில் அண்ணன் விழுந்தார், யாருக்குத் தெரியும்?

பெரியாஸ்பத்திரியில் கண்ணைத் திறக்காமலே கிடந்து அண்ணன் போய்ச் சேர்ந்தார்.

வளையல்காரரை எடுத்த அன்றைக்குத் தெருவே அடைத்துக்கொண்டு ஜனம். அண்ணனுக்குச் சொந்தக்காரர்கள் மட்டும்தான். தெருக்காரர்கள் கதவை ஒருக்களித்துவிட்டு உள்ளே நின்று பார்த்தார்கள். பாடை கட்ட மூங்கில் கேட்டால்கூட இல்லை என்றார்கள். சர்க்கார் ஒரு பெரிய மாலை அனுப்பியிருந்தது. அந்த மாலையைப் பார்த்துத் தெருக்காரர்களுக்கு இன்னும் ஆத்திரம்.

ஏட்டு வந்து உட்கார்ந்தார்

காலையிலேயே ஏட்டு ஒருவர் வந்தார். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். காக்கி போடவில்லை, வேட்டி துண்டோடு வந்தார். அவர் கூட நாலைந்து பேர். அவர்களும் வேட்டிதான். ஆனால் எல்லோருக்கும் முடியை ஒரே மாதிரி ஒட்ட வெட்டியிருந்தது. துட்டிக்கு, சாவு கேட்க, வந்தவர்களைப் போல அங்கங்கே பிரிந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

ஏட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“முத்தையா, சடங்கு ஒண்ணையும் விட்றாதீகப்பா. தவசி எங்களுக்கு ஒடம்பொறந்தவன் மாதிரி.”

“சரிங்கய்யா.”

“பொறந்த வீட்டுக் கோடி வருமுல்ல?”

வேறு ஊர்க்காரனாக இருந்தால் இது தெரியாது. இந்த மண்ணில் பிறந்தவன், கோடி போடாமல் தூக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் வந்திருக்கிறான்.

“பேரையூருக்குச் சொல்லி விட்டிருக்கு” என்றேன்.

“வரட்டும், வரட்டும். பொறுத்தே தூக்குவோம். எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

கருத்தப்பாண்டி பேரையூரில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவர் டவுனிலேயே ராவுத்தர் வீட்டில் இருந்தார்.

ராவுத்தர்

ராவுத்தருக்கு ஜவுளிக்கடை. ஒரு பக்கம் காக்கித்துணிக் கட்டு, மறுபக்கம் கதர்க் கட்டு, நடுவில் ராவுத்தர். “யாரு வந்தாலும் உடுப்பு உடுத்தித்தானய்யா சண்டை போடணும்” என்பார். அவர் வீட்டுப் பெண்களை ஏற்றிப் போவது என் ஜட்காதான். நாலு பக்கமும் திரை கட்டி ஓட்டுவேன். அந்தப் பழக்கத்தில்தான் கருத்தப்பாண்டியைப் பதுக்கி வைக்க அவரிடம் கேட்டிருந்தேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின்கட்டுத் துணிக் கிட்டங்கியில் இடம் கொடுத்தார்.

இழவு சொல்லப் போக எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. நானே போனேன். சொன்னதும் கருத்தப்பாண்டி துணிக்கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“கல்ல நான் எறியல மாப்ள.”

“தெரியும் மச்சான்.”

“எறிஞ்ச கூட்டத்துல நின்னேன். அத இல்லேங்க முடியாது.”

செத்தது என் அண்ணன். எதிரே இருப்பது என் மச்சான். ஒரு கை அவர் சட்டையைப் பிடித்து உலுக்கப் போகிறது, இன்னொரு கை அவர் தோளைத் தடவப் போகிறது. இரண்டையும் கட்டிக்கொண்டு நின்றேன்.

“ஏட்டு வந்து உக்காந்திருக்கான் மச்சான். மப்டியில நாலஞ்சு பேரு. கோடி கொண்டாரவனப் பிடிக்கத்தான். வராதீக.”

“எங்கக்கா தலையில கோடி விழாட்டி, அந்தத் தெருவுல அவ எப்படி மாப்ள நாளைக்குத் தண்ணிக்குப் போவா? என்னையத் தூக்குல போடட்டும். நான் வாரேன்.”

ராவுத்தர் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்குப் போய் ஒரு சேலையை எடுத்து வந்தார். கதர்ச் சேலை. கருத்தப்பாண்டி மடியில் வைத்தார்.

“மௌத்து வீட்டுக்கு நானும் வாரேன். ஜட்காவுல திரையக் கட்டு முத்தையா” என்றார்.

திரைக்குள்

தெரு முனையில் வேப்பமரத்து அடியில் ஜட்காவை நிறுத்தினேன். வீட்டு வாசலில் பேசினால் அங்கே கேட்கும், அவ்வளவு தூரம்தான். மப்டியில் வந்தவன் ஒருத்தன் எழுந்து வந்தான்.

“உள்ள யாரு?”

“வீட்டுப் பொம்பளைக. துட்டி கேக்க வந்திருக்காக” என்றார் ராவுத்தர்.

அவன் திரையைத் தொட வந்த கையை இழுத்துக்கொண்டான். ராவுத்தர் வீட்டுத் திரையைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

நான் வீட்டுக்குள் போனேன். மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த சத்தத்தில் குனிந்து அவள் காதில் சொன்னேன்.

“மதினி, வந்திருக்காரு.”

“எங்க?”

“வேப்பமரத்தடியில. ஜட்காவுல. தடுத்தா கேக்க மாட்டேங்குறாரு. கோடியக் கையில வச்சிருக்காரு. கொட்டு அடிச்சதும் எறங்கி வருவாரு.”

மதினி வாசலை எட்டிப் பார்த்தாள். ஏட்டைப் பார்த்தாள். ஒட்ட வெட்டிய தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பாடையில் கிடந்தவரைப் பார்த்தாள். அந்தத் தலைக்கட்டை ரொம்ப நேரம் பார்த்தாள்.

எழுந்து வெளியே வந்தாள். ஒப்பாரி தானாக நின்றுவிட்டது. பாடைக்கு அடியில் பரப்பியிருந்த வைக்கோலில் ஒரு துரும்பை உருவிக் கையில் எடுத்தாள்.

“ஏட்டையா, நீங்க யாரு வரணும்னு காத்திருக்கீகன்னு எனக்குத் தெரியும். ஊரும் கேட்டுக்கங்க. எம் புருசன் மண்டையில கல்லு விழுந்தப்ப அந்தக் கூட்டத்துல நின்னவன் எனக்குத் தம்பி இல்ல. எனக்குப் பொறந்த வீடு அத்துப் போச்சு. அவன் கொண்டாற கோடி எனக்கு வேணாம். அவனும் வேணாம்.”

தெரு முனைக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது போல அத்தனை சத்தம். துரும்பை இரண்டாகக் கிள்ளினாள். ஒரு துண்டைத் தெருப் பக்கம் எறிந்தாள். ஒரு துண்டைக் காலடியில் போட்டாள்.

எங்கள் சனத்தில் நாலு பேர் பார்க்கத் துரும்பு கிள்ளிவிட்டால் உறவு முறிந்தது என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த வீட்டுத் தண்ணீர் இந்த வீட்டில் குடிக்கக் கூடாது. காதுகுத்துக்கும் கிடையாது, கல்யாணத்துக்கும் கிடையாது, சாவுக்கும் கிடையாது.

“தூக்குங்க” என்றாள் மதினி.

ஏட்டு பதறிக்கொண்டு எழுந்தார். “ஆத்தா, கோவத்துல பேசாத. சடங்கு கெட்டுப் போகும். கொஞ்சம் பொறு, வந்துருவான்.”

எங்கள் பங்காளியில் ஒரு கிழவர், பல் இல்லாதவர், அவர்தான் கேட்டார்: “துரும்பு கிள்ளியாச்சுல்ல, அப்புறம் எதுக்குய்யா காத்திருக்கணும்? கோடிக்கு நீரு ஏன் இம்புட்டுத் தவிக்கிறீரு? வேணும்னா நீரே ஒரு சேலை எடுத்துப் போர்த்தும்.”

யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டில், அந்த நேரத்திலும். ஏட்டு முகம் செத்துப்போய்விட்டது.

கொட்டு அடித்தது. பாடையைத் தூக்கினார்கள். கொள்ளிச்சட்டி என் கையில். அண்ணனுக்கு ஆண்பிள்ளை இல்லை, நான்தான் பிடிக்க வேண்டும். வேப்பமரத்தைக் கடக்கும்போது திரை லேசாக அசைந்தது. காற்றில்லாத நேரம். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் ஏட்டும் பார்ப்பான்.

ராவுத்தர் வாழ்க்கையில் லகானைத் தொட்டவர் இல்லை. அன்றைக்கு அவரே ஓட்டிக்கொண்டு போனார். குதிரை அவரை எந்தெந்தச் சந்துக்கோ கொண்டுபோய்விட்டுக் கடைசியில் வீடு சேர்த்தது என்று பிறகு சொன்னார். வீட்டில் இறக்கியதும், “அக்கா நெசமாவாண்ணே சொன்னா?” என்று கேட்டாராம்.

கொடி ஏற்றிய பிறகு

கருத்தப்பாண்டி பிடிபடவில்லை. பேரையூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர்களோடு இருந்தார். சண்டை முடிந்தது. வழக்கு மங்கிப்போனது. சுதந்திரம் வந்தது. எங்கள் தெருவில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்கள். மதினி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைக்காரன் போலீஸ்காரன் பெண்டாட்டி என்ற பேர் அவளுக்குக் கடைசி வரைக்கும் போகவில்லை.

அடுத்த பொங்கலுக்குக் கருத்தப்பாண்டி வந்தார். தோளில் கரும்பு, கையில் சீர்ப்பானை. மதினி கதவைச் சாத்திக்கொண்டாள். மறு வருஷமும் வந்தார். மறுபடியும் சாத்தினாள். அவர் பானையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். அது அங்கேயே கிடந்தது. ஆடு முட்டி உடைந்தது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டே விட்டேன்.

“அன்னைக்கு அவரக் காப்பாத்தத்தான கிள்ளுனீக மதினி? இப்ப என்ன வந்துச்சு?”

மதினி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“காப்பாத்தத்தான் எந்திரிச்சேன் முத்தையா. துரும்ப எடுக்கயில அதுதான் நெனப்பு. கிள்ளயில ஒங்கண்ணன் தலைக்கட்டு கண்ணுல பட்டுச்சு. பொய்யாக் கிள்ளணும்னு எடுத்தேன், நெசமாவே கிள்ளிட்டேன். அவன உள்ள கூப்புட்டு சோறு போட்டா, செத்தவரு அந்தா அந்த மூலையில உக்காந்து பார்ப்பாரு. கூப்புடாட்டி, எங்க ஆத்தா மேலருந்து பார்ப்பா. நான் யாருக்குன்னு கதவத் தொறக்க?”

புடைத்த அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு அடுத்த படியை முறத்தில் போட்டாள்.

கருத்தப்பாண்டிக்குத் தியாகி என்று பட்டயம் கொடுக்கக் கூப்பிட்டார்களாம், போகவில்லையாம். எங்கள் மதினி முந்தி செத்தாள். பேரையூருக்குச் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல்தான் எடுத்தோம். கொஞ்ச காலத்தில் அவரும் போய்விட்டார் என்று சந்தையில் யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

படிக்கிறவர்களுக்கு

இத்தனை வருஷம் கழித்து இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு காரியம் பாக்கி இருக்கிறது.

கிள்ளிய துரும்பைச் சேர்க்கவும் எங்களில் ஒரு வழி உண்டு. கிள்ளும்போது பக்கத்தில் நின்று பார்த்தவன் ஒருத்தன் இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்து, ‘நான் பார்த்தேன், இனி அது இல்லை’ என்று சொல்லி, ஒரே செம்பில் இரண்டு பக்கமும் தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும். பார்த்தவர்கள் எல்லோரும் போய்விட்டால் பிறகு சேர்க்கவே முடியாது. அந்தப் பல் இல்லாத கிழவர் போனார். ராவுத்தர் போனார். பாடை தூக்கியவர்களில் ஒருத்தரும் இல்லை. நான் ஒருத்தன்தான் மிச்சம்.

மதினியின் மகள் வயிற்றுப் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள். அவள் ஆத்தாளுக்குத் தாய்மாமன் வீடு எது என்று கேட்கிறவர்களிடம் எங்கள் பிள்ளைகள் முழிக்கிறார்கள். பேரையூரில் கருத்தப்பாண்டிக்குப் பேரன்மார் இருக்கிறார்களாம். இங்கே அத்தை மக்கள் இருப்பது அவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. என்னால் இப்போது வாசல் வரைக்கும்தான் நடக்க முடிகிறது. பஸ் ஏற முடியாது.

பேரையூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வீட்டை விசாரித்துச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களாக இருந்தால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். வில்லாபுரத்தில் ஜட்கா முத்தையா இன்னும் இருக்கிறான், செம்பும் தண்ணீரும் தயாராக இருக்கிறது, சீக்கிரம் யாரையாவது அனுப்பச் சொன்னான் என்று சொல்லுங்கள்.